முதுகு வலி உள்ளவர் பாட்டு கேட்க எந்த நாற்காலி? (டிஸ்க் பிதுக்கம், ஸ்டீரியோ ஸ்பீக்கர்)

#1 நீலாம்பரி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம் (கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில்). ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்தால் வலி இல்லை, நின்றால் பரவாயில்லை. உட்கார்ந்தால்தான் தொல்லை. அதிலும் பாட்டு கேட்க உட்காரும்போது அதிகம்.

இப்போது கேட்பது சோபாவில். ஆழமான, மெத்தென்ற சோபா. முதல் கால் மணி நேரம் சுகமாக இருக்கும். அதற்குள் இடுப்பு மெல்ல முன்னால் வழுக்கிவிடும், கீழ்முதுகு வளைந்துவிடும், இடது பிட்டத்திலிருந்து தொடை வரை ஓர் இழுப்பு தொடங்கும். அப்புறம் பாட்டில் மனம் நிற்காது. தரையில் படுத்துக் கேட்டேன். முதுகுக்கு இதம். ஆனால் ஸ்பீக்கர் இரண்டும் தலைக்கு மேலே எங்கோ பாடுகின்றன. பாடுபவர் நடுவில் நிற்கிற அந்த உணர்வே போய்விடுகிறது. அது போனால் நான் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதற்கே அர்த்தமில்லை.

என் விவரம்: உயரம் 160 செ.மீ. ஸ்டாண்டில் வைத்த சின்ன ஸ்பீக்கர்கள், ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்னப் பகுதி) தரையிலிருந்து 95 செ.மீ. உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் 2.4 மீட்டர்.

ரிக்ளைனரா, ஈம்ஸ் மாதிரி லவுஞ்ச் நாற்காலியா, நல்ல ஆபீஸ் நாற்காலியா? தலைவரை உயர்ந்த சாய்மானம் சத்தத்தைக் கெடுக்கும் என்று படித்தேன். அது எவ்வளவு உண்மை? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


#2 மரத்தச்சன்

மேடம், மாடல் பெயரைத் தேடறதுக்கு முன்னாடி இன்ச் டேப்பை எடுங்க. நாற்காலி செய்யறவன் என்ற முறையில சொல்றேன், பாதி வலிக்குக் காரணம் அளவு பொருந்தாததுதான்.

ரெண்டு அளவு வேணும். ஒண்ணு, வீட்டில் நீங்க போடற செருப்போடயோ வெறுங்காலோடயோ உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. இன்னொண்ணு, சுவரோட ஒட்டி உட்கார்ந்து, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை. முதல் அளவுதான் உங்க இருக்கையின் உயரம். ரெண்டாவது அளவுல மூணு விரல் கழிச்சா வர்றதுதான் இருக்கையின் ஆழம். அதாவது முதுகு சாய்மானத்துல ஒட்டியிருக்கும்போது, முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் நுழையணும்.

சோபா பெரும்பாலும் 55, 60 செ.மீ. ஆழம் வச்சு வருது. 160 உயரம் உள்ளவங்களுக்கு அது ரொம்ப ஆழம். முதுகைச் சாய்மானத்துல ஒட்டினா விளிம்பு காலைப் பிடிக்கும். காலை விடுவிக்க முன்னாடி நகர்ந்தா முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவுல ஓட்டை. உங்களுக்கு இடுப்பு வழுக்கறது இதனாலதான்.

நுரையைப் பத்தியும் ஒரு வார்த்தை. அடர்த்தி வேற, கெட்டித்தன்மை வேற. அடர்த்தி கம்மியான நுரை சீக்கிரம் பள்ளம் விழும். கடையில உட்கார்ந்து பார்க்கறப்ப மெத்தை எவ்வளவு அமுங்குதுன்னு கவனிங்க. காகிதத்துல 42 செ.மீ. உயரம்னு போட்டிருக்கும், உட்கார்ந்ததும் 35க்கு இறங்கிடும். அப்ப முழங்கால் இடுப்பை விட மேல போயிடும். உங்க மாதிரி டிஸ்க் உள்ளவங்களுக்கு அது ஆகாது.


#3 எலும்பும்_தசையும்

பிசியோதெரபிஸ்ட்டாக என் பங்குக்கு.

மரத்தச்சன் கடைசியில் சொன்னதுதான் அடிப்படை. முழங்கால் மேலே போனால் தொடையின் பின்தசை இடுப்பெலும்பைப் பின்னுக்கு உருட்டும். இடுப்பெலும்பு உருண்டால் கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகும். டிஸ்கின் முன்பக்கம் நசுங்கி, உள்ளிருப்பது பின்பக்கம் தள்ளப்படும். பிதுக்கம் இருப்பதும் பின்பக்கம்தான். கால் இழுப்பு அங்கிருந்துதான் வருகிறது.

நிமிர்ந்து 90 டிகிரியில் உட்காருவதுதான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்குக்குள் ஊசி வைத்து அழுத்தம் அளந்த வேலைகள் வேறு கதை சொல்கின்றன. சுவீடனில் நாக்கெம்சன் 1960களில் தொடங்கி அளந்தபோது, சாய்மானமில்லாமல் உட்காரும்போது அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. சாய்மானத்தை 110 டிகிரியைத் தாண்டிச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு முட்டும் கொடுத்ததும் அது நன்றாகக் குறைந்தது. 1999இல் ஜெர்மனியில் வில்கெயும் குழுவினரும் ஒரே ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்கில் அளந்தார்கள். நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாயாமல் உட்காரும்போது 0.46, நாற்காலியில் நன்றாகப் பின்சாய்ந்தால் 0.3க்கு அருகில், மல்லாந்து படுத்தால் 0.1. ஒருவரிடம் எடுத்த அளவு என்பதால் எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பின்சாய்ந்தால் சுமை குறையும் என்பதில் இரண்டு ஆய்வும் ஒத்துப்போகின்றன. உடம்பின் மேற்பாதி எடையைச் சாய்மானம் வாங்கிக்கொள்கிறது, விஷயம் அவ்வளவுதான்.

எனவே நீலாம்பரி, உங்களுக்கு 110 முதல் 125 டிகிரி வரை சாயக்கூடிய, பெல்ட் கட்டும் உயரத்தில் முட்டு கொடுக்கிற நாற்காலி வேண்டும். முட்டு விலா எலும்புக்குப் போனால் பயனில்லை, தொந்தரவுதான்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்கு இது நேர்மாறாக இருக்கலாம். அவர்களுக்கு முன்னால் லேசாக வளைந்தால்தான் இதம், உள்வளைவை அதிகமாக்கும் முட்டு வலியைக் கூட்டும். யாருக்கு எது என்று தெரியாமல் அடுத்தவர் நாற்காலியை வாங்காதீர்கள்.


#4 ஆறடி

ஈம்ஸ் பற்றிக் கேட்டதால். சார்லஸும் ரே ஈம்ஸும் 1956இல் ஹெர்மன் மில்லருக்காகக் கொண்டுவந்தது. பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாய்வுக் கோணத்தை மாற்ற முடியாது, இருக்கை தாழ்வு, பின்பக்கம் நன்றாகச் சரிந்தது. முதுகு பிடித்திருக்கும் நாளில் அதிலிருந்து எழுந்திருப்பது பெரும்பாடு. ஐரோப்பாவுக்கு அதைத் தயாரிக்கும் வித்ரா உயரம் கூட்டிய வடிவமும் விற்கிறது என்பதிலிருந்தே தெரியும், ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தவில்லை.

ஐக்கியாவின் போயாங் 1976 முதல் இருக்கிறது, நொபோரு நகமுரா வடிவமைத்தது. வளைத்து ஒட்டிய மரச் சட்டம் நம் எடைக்கு லேசாக அசைந்து கொடுக்கும். என் உயரத்துக்கு அருமை. நீலாம்பரிக்கு இருக்கை ஆழம் கொஞ்சம் அதிகமாக இருக்கும். இடுப்பில் சின்னத் தலையணை வைத்தால் சரியாகலாம்.

நார்வேயின் ஸ்ட்ரெஸ்லெஸ்ஸையும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். ஒரே மாடலைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் செய்கிறார்கள். சாயும்போது இடுப்பு முட்டும் தலைப்பகுதியும் சேர்ந்து நகரும்.


#5 நாலாவது_வரிசை

தலைச்சாய்மானம் சத்தத்தைக் கெடுக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். கெடுக்கும். எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம்.

ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி முதலில் காதைத் தொடுகிறது. பிறகு காதைத் தாண்டிப் போய், பின்னாலிருக்கும் பரப்பில் பட்டு, திரும்பி மறுபடி காதுக்கு வருகிறது. அந்தப் பரப்பு காதுக்குப் பின்னால் 10 செ.மீ. தள்ளி இருந்தால், இரண்டாவது ஒலி 20 செ.மீ. கூடுதலாகப் பயணம் செய்கிறது. ஒலி வேகம் வினாடிக்கு 343 மீட்டர், ஆக ஏறத்தாழ 0.6 மில்லி வினாடி தாமதம். இரண்டும் சேரும்போது 860 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம், 2,570 ஹெர்ட்ஸ் அருகில் இன்னொன்று, இப்படி மேலே மேலே போகும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் பள்ளங்களும் இடம் மாறும். குரலின் தெளிவு, வயலினின் வில் உரசல் எல்லாம் வசிக்கும் இடம் அது. மனித மூளை இதை எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. குரலின் நிறம் மாறியதாகத்தான் கேட்கும், நடுவில் நிற்கும் பாடகர் கொஞ்சம் பரந்து மங்கலாவார்.

தோல், ரெக்சின் போன்ற வழவழப்பான உறை மோசம். தடிமனான கம்பளித் துணி, செம்மறித் தோல் போர்வை உயர் அதிர்வெண்களை நன்றாக விழுங்கும். அதனால் நான் எப்போதும் சொல்வது: சாய்மானம் தோள்பட்டையோடு முடிய வேண்டும். காதுக்குப் பின்னால் காற்று மட்டும் இருக்கட்டும்.

இது உங்கள் காதுக்குப் பிடிபடுகிறதா என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளலாம். பழக்கமான ஒரு தனிக்குரல் பதிவை ஓடவிட்டு, சாதாரண முதுகு உயரம் குறைந்த நாற்காலியில் உட்காருங்கள். பாட்டு ஓடும்போதே யாரையாவது ஒரு பெரிய கெட்டி அட்டைப் புத்தகத்தை உங்கள் தலைக்குப் பின்னால் ஒரு கையகலம் தள்ளிப் பிடித்து, எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அதே புத்தகத்தின் மேல் நாலாக மடித்த கம்பளியைப் போர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.


#6 எலும்பும்_தசையும்

நாலாவது_வரிசை சாரிடம் ஒரு மறுப்பு. தோளோடு முடிகிற சாய்மானம் நிமிர்ந்து உட்காருபவருக்குச் சரி. 115 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால் தலைக்குத் தாங்கல் கட்டாயம் வேண்டும். மனிதத் தலை நாலரை, ஐந்து கிலோ. உடம்பு பின்னால் சாய்ந்திருக்க, பார்வை நேராக வேண்டும் என்று தலையை மட்டும் முன்னால் பிடித்து வைத்தால், கழுத்தின் முன்தசை முழுநேரம் வேலை செய்யும். ஒரு மணி நேரம் கழித்து இடுப்பு வலிக்குப் பதிலாகக் கழுத்து வலியும் தலைவலியும் வரும். தாங்கல் இல்லாதவர் தன்னையறியாமல் நிமிர்ந்துவிடுவார். அப்போது சாய்வின் பலன் எல்லாம் வீண்.


#7 நாலாவது_வரிசை

ஏற்கிறேன். சாய்ந்த தலை தாங்கப்படத்தான் வேண்டும். என் அக்கறை தாங்கல் எந்த உயரத்தில் என்பது. தலையைத் தாங்குவதற்கு அகலமான பலகை தேவையில்லை. பிடரியில், மண்டையோட்டின் அடிவிளிம்புக்குக் கீழே கைப்பிடி அளவு உருளைத் தலையணை ஒன்று போதும். அது காதுக்குக் கீழே இருக்கும், காதுக்கு நேர் பின்னால் இருக்காது. எதிரொலிப்பு பெருமளவு குறைந்துவிடும். இரண்டு பக்கமும் காதைச் சுற்றி வளைந்து வரும் இறக்கை நாற்காலிகளை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அவை பக்கவாட்டு ஒலியையும் மறைக்கும்.


#8 எலும்பும்_தசையும்

பிடரித் தாங்கல் எனக்கு முழு சம்மதம். உண்மையில் பலகை போன்ற ஹெட்ரெஸ்ட் தலையை முன்னால் தள்ளுவதைவிட அதுவே கழுத்துக்கும் நல்லது. உயரம் மாற்றக்கூடியதாக, வாரில் தொங்கவிட்டதாக இருந்தால் இன்னும் நல்லது.


#9 பழைய_தட்டு

வயதில் மூத்தவன், முதுகு வலியோடு நெடுங்காலம் பாட்டு கேட்பவன். எல்லாரும் நாற்காலியைப் பற்றியே பேசுகிறீர்கள். எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறோம் என்பதை யாரும் பேசவில்லை.

நான் எல்.பி. இசைத்தட்டு கேட்பவன். 1948இல் அது வந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் இடம் இருந்தது, இன்றும் அப்படித்தான். பக்கம் முடிந்தால் எழுந்தாக வேண்டும். ஊசியைத் தூக்க வேண்டும், தட்டைத் திருப்ப வேண்டும், தூசி துடைக்க வேண்டும். நான்கடி நடை, நிமிர்தல், மறுபடி உட்காருதல். என் முதுகுக்கு அந்த நான்கடி செய்த உபகாரம் பெரிது. சி.டி. வந்து 74 நிமிடம் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கியதும், இப்போது ஃபோனில் முடிவே இல்லாமல் ஓடுவதும் காதுக்கு வசதி, இடுப்புக்கு அல்ல. தங்கை நீலாம்பரிக்கு என் யோசனை: பட்டியல் போடும்போது இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிற மாதிரிப் போடுங்கள். முடிந்ததும் எழுந்து அடுத்ததைப் போடுங்கள். ரிமோட்டைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, ஆடும் நாற்காலி. அமெரிக்க அதிபர் கென்னடிக்குத் தீராத முதுகு வலி என்பது தெரிந்த விஷயம். 1950களில் அவருக்கு வைத்தியம் பார்த்த ஜேனட் டிராவெல் என்ற பெண் மருத்துவர் ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தார். அவர் அதிபரானதும் வெள்ளை மாளிகை மருத்துவராகவும் அந்த அம்மையாரே ஆனார். ஆடும்போது முதுகுத் தசை ஒரே நிலையில் இறுகாமல் மாறி மாறி வேலை செய்கிறது. மரச் சாய்மானம் நிமிர்ந்திருக்கும், இருக்கை ஆழமில்லை, கைப்பிடி இருக்கும். நானும் அதில்தான் உட்காருகிறேன். பாட்டோடு லேசாக ஆடுவேன், வேகமான உருப்படி வந்தால் நிறுத்திவிடுவேன்.


#10 ஹெட்போன்வாசி

ஸ்பீக்கர் கேட்பதை விடச் சொல்லவில்லை. வலி அதிகமான நாளுக்கு மாற்று ஏற்பாடு ஒன்று இருக்கட்டும் என்று சொல்கிறேன். தரையில் பாயோ மெத்தையோ விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடிந்திருக்கும்படி கிடங்கள். அப்படியே ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கர் உயரம், அறை எதைப் பற்றியும் கவலையில்லை.

ஹெட்போன் எடை குறைந்ததாக இருக்கட்டும். சென்ஹைசர் எச்டி 600 போன்றவை கால் கிலோ அளவுதான். பெரிய பிளானர் வகை (காந்தங்களுக்கு நடுவே தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருபவை) சில அரை கிலோவைத் தாண்டும். படுத்திருக்கும்போது தெரியாது, உட்கார்ந்து கேட்டால் கழுத்து சொல்லிவிடும். நாற்காலியில் ஹெட்போன் போட்டுக் கேட்பவர்களுக்கும் பிடரித் தாங்கல்தான் சரி. பலகை ஹெட்ரெஸ்ட் இயர்கப்பின் பின்பக்கத்தில் முட்டி, ஒரு பக்கம் இடைவெளி விட்டுவிடும். பாஸ் அதில் ஒழுகிப் போய்விடும்.


#11 நீலாம்பரி

எல்லாருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

அளந்துவிட்டேன். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு 39 செ.மீ. சுவரிலிருந்து மடிப்பு 46. அதாவது எனக்கு 39 உயரம், 41 ஆழம். என் சோபாவின் ஆழம் 58! அண்ணன் மரத்தச்சன் சொன்னது அப்படியே.

புத்தகச் சோதனையும் செய்தோம். என் மகள் பிடித்தாள். அது வந்ததும் போனதும் கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. புத்தகம் வந்ததும் குரலில் 'ச', 'ஷ' கொஞ்சம் கூர்மையானது, தம்புராவின் ஒலி முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கம்பளி போர்த்தியதும் பெரும்பாலும் சரியானது, முழுதும் இல்லை. ஆக எனக்கு இது கேட்கிறது, பிடரித் தலையணைதான் வழி.

அய்யா பழைய_தட்டு, பட்டியலை இன்றே மாற்றிவிட்டேன். ஆடும் நாற்காலியில் காது முன்னும் பின்னும் போகுமே, ஸ்டீரியோ படம் கலையாதா?

ரிக்ளைனரில் கால் நீட்டிக்கொள்ளும் வசதி டிஸ்குக்கு நல்லதா?


#12 நாலாவது_வரிசை

ஆடும்போது இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே அளவு தள்ளிப் போய் ஒரே அளவு நெருங்கி வருகின்றன. இடம் வலம் சமநிலை கெடாது, அதனால் நடுவில் நிற்பவர் நடுவிலேயே நிற்பார். பக்கவாட்டில் நகர்ந்தால்தான் படம் ஒரு பக்கம் சாயும். ஆக ஆடும் நாற்காலிக்கு ஒலி வகையில் என் ஆட்சேபம் இல்லை, கிறீச் என்று சத்தம் போடாதவரை.


#13 எலும்பும்_தசையும்

கால் நீட்டும் கேள்வி முக்கியமானது. இதைக் கவனிக்காமல்தான் பலர் விலை உயர்ந்த ரிக்ளைனர் வாங்கிவிட்டு வலி கூடியதாகச் சொல்கிறார்கள்.

பல ரிக்ளைனர்களில் கால்பலகை எழும்போது முழங்கால் ஏறத்தாழ நேராகிவிடும். முழங்கால் நேராக, இடுப்பு மடங்கியபடி இருந்தால் தொடைப் பின்தசை இழுபடும், கீழ்முதுகிலிருந்து காலுக்கு ஓடும் சயாட்டிக் நரம்பும் இழுபடும். உங்களைப் போன்று கால் இழுப்பு உள்ளவர்களுக்கு நாங்கள் காலைத் தூக்கி நரம்பைச் சோதிக்கிறோமே, ஏறத்தாழ அதே நிலை. அதில் ஒரு மணி நேரம் உட்காருவது நரம்பைச் சீண்டுவதுதான். கூடவே, இழுபட்ட பின்தசை இடுப்பெலும்பைப் பின்னால் உருட்டும்.

கால் தூக்கலாம், ஆனால் முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும். 'ஜீரோ கிராவிட்டி' நாற்காலிகளின் யோசனை அதுதான். ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் 1970களில் வீரர்கள் எடையின்றி மிதந்தபோது உடம்பு தானாக எடுத்துக்கொண்ட நிலையை நாசா பதிவு செய்தது. உடலுக்கும் தொடைக்கும் நடுவே சுமார் 128 டிகிரி, முழங்காலும் லேசாக மடிந்தது. அந்தக் கோணம் முதுகுக்கு இதம். ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படும் எல்லாமே அந்தக் கோணத்தைத் தருவதில்லை, உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தனியாக ஒரு தாழ்வான கால்மணை இருந்தால், அதைத் தள்ளி வைத்தும் நெருக்கி வைத்தும் முழங்கால் மடிப்பை நீங்களே தீர்மானிக்கலாம். எனக்கு அதுதான் பிடித்தமான ஏற்பாடு.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. கால் பலவீனமாகி பாதம் தூக்க முடியாமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. நாற்காலி மாற்றிப் பார்க்கிற விஷயம் இல்லை அது.


#14 மரத்தச்சன்

கடைக்குப் போகும்போது என்ன செய்யணும்னு எழுதறேன்.

ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க. எந்த மெத்தையும் ரெண்டு நிமிஷம் சுகம்தான். ஃபோன்ல உங்களுக்குப் பிடிச்ச இருபது நிமிஷப் பதிவை வச்சுக்கிட்டு, காதுல மாட்டி, அது முடியற வரை உட்காருங்க. கடைக்காரர் பார்த்தா பார்க்கட்டும். நடுவுல எத்தனை தடவை இடுப்பை நகர்த்தறீங்கன்னு கூட வர்றவங்களைக் கவனிக்கச் சொல்லுங்க, நமக்கே தெரியாது. முடிஞ்சதும் கையை ஊன்றாம எழுந்திருக்க முடியுதா பாருங்க. முடியலைன்னா கைப்பிடி முன்விளிம்பு வரை நீண்டிருக்கணும், ஊன்றி எழ வசதியா.

இருக்கை லேசா பின்பக்கம் சரிஞ்சிருக்கணும். சாய்மானம் மட்டும் சாய்ஞ்சு இருக்கை தட்டையா இருந்தா, எவ்வளவு நல்ல முட்டு இருந்தாலும் உடம்பு முன்னாடி வழுக்கும். அதுல வழவழப்பான தோல் உறை இருந்தா இன்னும் சீக்கிரம். துணி உறை உடம்பைப் பிடிச்சு நிறுத்தும். நாலாவது_வரிசை சார் சத்தத்துக்காகத் துணி கேட்டார், நான் வழுக்கலுக்காகத் துணி கேக்கறேன். ரெண்டுக்கும் ஒரே பதில்.

ஆபீஸ் நாற்காலி கேட்டீங்க. நல்ல வலை முதுகு நாற்காலியில உயரம், ஆழம், முட்டு எல்லாம் திருகி மாத்தலாம், சத்தமும் வலையை ஊடுருவிப் போகும். 1994ல வந்த ஏரான் நாற்காலியை ஏ, பி, சின்னு மூணு அளவுல செய்யறாங்க, உங்க உயரத்துக்குச் சின்ன அளவா நடு அளவான்னு உட்கார்ந்து பார்க்கலாம். பெரும்பாலான ஆபீஸ் நாற்காலி வேலை செய்யறதுக்காகச் செஞ்சது, கையையும் கண்ணையும் முன்னாடி வச்சிருக்கும். கண்ணை மூடிப் பாட்டு கேட்க அது மனசுக்கு ஒட்டறதில்லை, என் அபிப்பிராயம் அது. உடம்புக்கு அதான் பொருந்துதுன்னா தாராளமா வாங்குங்க, சக்கரத்துக்குப் பதிலா வழுக்காத குமிழ் போட்டுக்குங்க.


#15 ஆறடி

வாங்கிய பிறகும் முட்டு போதவில்லை என்றால் துண்டைச் சுருட்டி வைத்துப் பார்த்து, சரியான தடிமன் கிடைத்த பிறகு அந்த அளவில் தலையணை தைத்துக்கொள்ளுங்கள். ஆயத்தமாக விற்கும் இடுப்புத் தலையணைகள் பெரும்பாலும் அதிகத் தடிமன்.


#16 நீலாம்பரி

வாங்கிவிட்டேன். பெயர் பெற்ற மாடல் எதுவும் இல்லை. மரச் சட்டம், துணி உறை, தோள் உயரத்தோடு முடியும் சாய்மானம், மூன்று நிலைகளில் சாயும். இருக்கை உயரம் 40, ஆழம் 47. ஆழத்தைக் குறைக்க நெடுக ஒரு மெல்லிய நுரைப் பலகையை முதுகுப் பக்கம் செருகி, அதன் மேல் பெல்ட் உயரத்தில் சுருட்டிய துண்டு. பிடரிக்கு வாரில் தொங்கும் உருளைத் தலையணை. பின்னால் எதிர் எடையாக ஒரு சின்ன மணல் பை தொங்குகிறது, அதனால் நினைத்த உயரத்துக்கு நகர்த்தினால் அங்கேயே நிற்கிறது. கால்மணை தனி.

கடையில் ஒரு பெரிய தோல் ரிக்ளைனரிலும் முழுப் பதிவும் கேட்டேன். முதல் பத்து நிமிடம் எழவே மனமில்லை. பிறகு கால்பலகையில் குதிகால் அழுந்தி, அதே இடது இழுப்பு மெல்லத் தலைகாட்டியது. பிசியோ மேடம் சொல்லியிருக்காவிட்டால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

இப்போது இரண்டாவது நிலையில் சாய்ந்தால் காது தரையிலிருந்து 88 செ.மீ. ட்வீட்டர் 95. சோபாவில் உட்கார்ந்ததைவிடத் தலை 20 செ.மீ. பின்னால் போயிருக்கிறது. இதற்கு என்ன செய்வது?


#17 நாலாவது_வரிசை

அருமை. இனி நாற்காலியைத் தொடாதீர்கள், ஸ்பீக்கரை அதற்கேற்ப மாற்றுங்கள். முதுகு சொன்ன இடத்தில் காது இருக்கட்டும், ஸ்பீக்கர் அந்தக் காதைத் தேடி வரட்டும்.

7 செ.மீ. வித்தியாசம், தூரம் இப்போது சுமார் 2.6 மீட்டர். ஒன்றரை டிகிரி முன்சாய்வு. உங்கள் ஸ்பீக்கர் 25 செ.மீ. ஆழம் என்று வைத்தால், பின்பக்கத்தை 7 மில்லிமீட்டர் உயர்த்தினால் ட்வீட்டர் நேராகக் காதைப் பார்க்கும். பின்னால் ரப்பர் பாதம் இரண்டு ஒட்டினால் போதும். முன்னால் நழுவாதபடி அடியில் ஒட்டுப் பசை வையுங்கள். இரண்டு டிரைவர் (ட்வீட்டரும், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபரும்) ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் ஸ்பீக்கர்களில் இந்தச் சாய்வு காதுக்குத் தெரியும், ஏனென்றால் இரண்டும் சேரும் அதிர்வெண்ணில் மேலே கீழே நகர்ந்தால் ஒலி மாறும். ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே வைக்கும் கெஃப் யூனி-க்யூ போன்ற வகையில் இது அவ்வளவு பாதிக்காது.

தலை 20 செ.மீ. பின்னால் போனதால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலான இடைவெளியையும் அதே அளவு கூட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஏறத்தாழ சமமாக வரட்டும். பின்சுவர் தலைக்கு ஒரு மீட்டருக்குள் வந்துவிட்டால் சொல்லுங்கள், அப்போது சுவரில் தடித்த திரையோ புத்தக அடுக்கோ வேண்டும்.


#18 நீலாம்பரி

பின்சுவர் இன்னும் ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது, பிழைத்தேன். ரப்பர் பாதம் ஒட்டிவிட்டேன். குரல் கீழே இறங்கி வந்து எதிரே நின்றுவிட்டது. நேற்று இரண்டு பட்டியல் கேட்டேன், நடுவே எழுந்து நடந்தேன், இழுப்பு வரவில்லை.

ஒரே ஒரு சங்கடம். ஒலியளவைக் கூட்டக் குறைக்க ரிமோட்டைத் தரையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. சாய்ந்தபடி பக்கவாட்டில் குனிந்து எடுக்கும்போது இடுப்பு சுருக்கென்கிறது.


#19 எலும்பும்_தசையும்

குனிந்து திருகுவது டிஸ்குக்கு ஆகாத அசைவு. அதை இன்றோடு நிறுத்துங்கள்.


#20 மரத்தச்சன்

கைப்பிடி உயரத்துக்கே ஒரு சின்னப் பக்க மேசை. கைப்பிடியை விட ஒரு விரல் கூட தாழ வேண்டாம். முழங்கை பக்கத்துல வைக்காம, மணிக்கட்டு போய்ச் சேர்ற இடத்துல முன்னாடி தள்ளி வைங்க. அப்ப தோள் மட்டும் அசையும், இடுப்பு அசையாது. வலி எந்தப் பக்கமோ அதுக்கு எதிர்ப்பக்கம், அதாவது உங்களுக்கு வலது பக்கம். கைப்பிடியின் உயரத்தை அளந்து போடுங்க, மேசைக்கு அளவு எழுதித் தர்றேன்.